நெல் விளைந்த நாட்டில் பசி: போரும் வறுமையும் மாற்றியமைத்த பர்மா

இரங்கூன் நகரில் ஒரு மன்னரின் கல்லறை இருக்கிறது. அவர் பர்மியர் அல்லர். தில்லியின் கடைசி முகலாயப் பேரரசரும் உருதுக் கவிஞருமான பகதூர் ஷா ஜாபர். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் ஆங்கிலேயர் அவரை அங்கே கொண்டுபோய்ச் சிறைவைத்தனர். 1862இல் அங்கேயே மறைந்தார். மகாராஷ்டிரக் கடற்கரையில் உள்ள இரத்தினகிரியில் இன்னொரு கல்லறை. அது பர்மாவின் கடைசி மன்னர் தீபாவினுடையது. 1885இல் மண்டலே அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், 1916இல் அங்கு உயிர்நீத்தார். ஒரே பேரரசு இரு நாடுகளின் மன்னர்களையும் இடம் மாற்றிப் புதைத்தது. மன்னர்கள் இருவர்தாம், அவர்களைத் தொடர்ந்து அக்கடலைக் கடந்த எளிய மக்களோ இலட்சக்கணக்கானோர்.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தின் மலரில் அயல்நாட்டு வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவக்கூடும். பர்மா நமக்கு முற்றிலும் அயல்நாடு அன்று. தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மாக் காலனிகள் உள்ளன. சென்னையில் பர்மா பஜார் உள்ளது. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ திரைப்படத்தின் கதை இரங்கூனில் குடியேறிய தமிழ்க் குடும்பமொன்றிலிருந்தே புறப்படுகிறது. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்கள் பர்மாத் தேக்கினால் ஆனவை. இவ்வளவு இருந்தும், நாம் நினைவில் வைத்திருப்பது நம்முடைய இழப்பின் கதையை மட்டுமே. பர்மிய உழவன் தன் பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை நாம் கேட்டதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

தமிழில் ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது கேட்பவனையும் உள்ளடக்கிக்கொள்ளும். பின்னது அவனை வெளியே நிறுத்தும். பல மொழிகளில் இவ்வேறுபாடு இல்லை. பர்மாவின் கடந்த நூறாண்டு வரலாற்றை ஒரு வரியில் சொல்ல வேண்டுமானால், போரும் பொருளாதார நெருக்கடியும் அந்நாட்டின் ‘நாமை’ எவ்வாறு படிப்படியாக ‘நாங்களாக’ ஆக்கின என்பதன் வரலாறு எனலாம்.

நெல்லும் கடனும்

1824 முதல் 1885 வரை நடந்த மூன்று போர்களில் ஆங்கிலேயர் பர்மாவைத் துண்டு துண்டாக விழுங்கினர். 1852இல் கீழ்ப்பர்மா அவர்கள் கைக்கு வந்தபோது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்புக் காடாகவே இருந்தது. பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவான நிலத்திலேயே நெல் விளைந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தது. மேல்பர்மாவிலிருந்து இறங்கிவந்த உழவர்கள் கொசுவுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே காடு திருத்தினர். 1930களில் அப்பகுதியில் நெல் விளைந்த நிலம் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆண்டுதோறும் ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து கப்பலேறியது. உலகில் வேறெந்த நாடும் அவ்வளவு அரிசியை ஏற்றுமதி செய்யவில்லை.

காடு திருத்தவும் மாடு வாங்கவும் அறுவடைக்கு ஆள் வைக்கவும் உழவனுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆங்கிலேய வங்கிகள் சேற்றில் நிற்கும் உழவனுக்குக் கடன் கொடுக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் ஊரிலிருந்து ஆட்களைக் கொண்டுசென்று, கழிமுகத்தின் சிற்றூர்கள்வரை கடைகளை நடத்தினர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பர்மா முழுவதும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் ஏறத்தாழ ரூ.75 கோடி என அக்கால வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நில அடமானத்தின் பேரில் அவர்கள் வாங்கிய வட்டி, உள்ளூர்க் கடன்காரர்கள் வாங்கியதைவிடப் பெரும்பாலும் குறைவு. பர்மியக் கடன்காரர்களிலேயே பலர் செட்டியாரிடம் வாங்கித்தான் உழவனுக்குக் கொடுத்தனர். கணக்கில் நாணயம் இருந்தது. அதை அன்று எவரும் மறுக்கவில்லை.

நகரத்தாருக்குப் பின்னே, எண்ணிக்கையில் அவர்களைவிடப் பன்மடங்கு பெருகியவர்களாக, கூலிகளும் சென்றனர். தெலுங்கரும் தமிழரும் ஒடியரும் மேஸ்திரிகளின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தன் நாட்டின் தலைநகரிலேயே பர்மியன் சிறுபான்மையாக இருந்தான். மேலே ஆங்கிலேயன், நடுவே இந்திய வணிகன், கீழே இந்தியக் கூலி என்று அடுக்கப்பட்டிருந்த அந்நகரில், பர்மியனுக்கு எஞ்சியது வயல்தான். அந்த வயலும் கடனில் இருந்தது.

விலை வீழ்ந்தபோது

1929இல் அமெரிக்காவில் தொடங்கிய பொருளாதார மந்தம் 1930இல் ஐராவதிக் கழிமுகத்தை எட்டியது. நெல்விலை சரிந்தது. கடன் குறையவில்லை, தலைவரியும் குறையவில்லை. அசலும் வட்டியும் கட்ட முடியாத உழவர்களின் நிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் கொடுத்தோர் பெயருக்கு மாறின. கீழ்ப்பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 5.7 இலட்சம் ஏக்கர். மொத்தப் பரப்பில் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது 24.68 இலட்சம் ஏக்கர். நூற்றுக்கு 25 பங்கு.

இவ்விரு எண்களையும் நாம் நின்று நிதானித்துப் படிக்க வேண்டும். நகரத்தாருக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணமே வேண்டியிருந்தது. விற்க முடியாத வயல்கள் அவர்களுக்கும் சுமையாகவே இருந்தன. ஆயினும், தன் பாட்டன் காடு திருத்திய நிலத்தில் குத்தகைக்காரனாக நின்ற பர்மிய உழவனுக்கு இந்த நியாயம் எதற்குப் பயன்படும்? அடமானத்தை எளிதாக்கிய நிலச்சட்டம் ஆங்கிலேயனுடையது. விலையை முடிவு செய்தவை ஐரோப்பிய ஆலை நிறுவனங்கள். விலை வீழ்ச்சியோ உலகத்தினுடையது. ஆனால் உழவன் கண்ணெதிரே கணக்குப் புத்தகத்துடன் அமர்ந்திருந்தவன் தமிழன். கோபம் தொலைவிலுள்ள காரணத்தைத் தேடிப் போவதில்லை. அருகிலுள்ள முகத்திலேயே போய் அமர்கிறது.

1930 மே மாதம் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். முதலாளிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியரை அமர்த்தினர். உடன்பாடு ஏற்பட்டதும் பர்மியரை வெளியே அனுப்பினர். வேலையிழந்தோர்க்கும் வேலைக்குத் திரும்பியோர்க்கும் இடையே மூண்ட கலவரத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியக் கூலிகள். இரு சாராரும் ஏழைகள். இருவரையும் மோதவிட்ட முதலாளிகளுக்கு ஒரு கீறலும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சயா சான் என்னும் முன்னாள் துறவியின் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். பச்சை குத்திய மந்திரங்கள் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் என நம்பிச் சென்ற அவர்களை அடக்க இந்தியாவிலிருந்து படைகள் வந்தன. 1931 நவம்பரில் சயா சான் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக வழக்காடிய பா மா என்பவரே, 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது அதன் முதல் பிரதமரானார்.

இக்காலத்தில்தான் ‘தொ பமா’ என்ற முழக்கம் பிறந்தது. ‘நம் பர்மியர்’ என்பது அதன் பொருள். அவ்வியக்கத்தின் இளைஞர்கள், ஆங்கிலேயரை விளிக்கப் பயன்பட்ட ‘தக்கின்’ (எசமான்) என்னும் பட்டத்தைத் தம் பெயருக்கு முன்னே சூடிக்கொண்டனர். தம் நாட்டுக்குத் தாமே எசமானர் என அறிவிக்க அதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. 1936ஆம் ஆண்டு இரங்கூன் பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய நூவும் ஆங் சானும் பின்னர் இவ்வியக்கத்தின் தலைவர்களாயினர். இவ்வியக்கத்தின் மூத்த வழிகாட்டி ஒரு கவிஞர். தக்கின் கோடாவ் மைங். தீபா மன்னரை மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்றதைச் சிறுவனாக மண்டலே வீதியில் நின்று பார்த்தவர் அவர். 1937இல் தொடங்கப்பட்ட ‘நகானி’ புத்தகக் கழகம், உலக அரசியல் நூல்களை எளிய பர்மிய மொழியில் மலிவாக வெளியிட்டது. ஒரு நாட்டின் விடுதலைக் கருத்து புத்தகக் கழகமொன்றின் வழியாகவும் பரவ முடிந்தது என்பதை நம் போன்ற வட்டங்கள் குறித்துக்கொள்ளத் தகும்.

அந்த ‘தொ பமா’ நாமா, நாங்களா? தொடக்கத்தில் இரண்டாகவும் இருந்தது. ஆங்கிலேயனை நோக்கிச் சொல்லும்போது அதில் ஷான், கச்சின், கரேன் மக்களையும் அடக்கிக்கொள்ள இடம் இருந்தது. இந்தியக் கூலியை நோக்கிச் சொல்லும்போதோ அது கதவடைத்தது. 1938இல் மீண்டும் மூண்ட கலவரம் இதனை உறுதிப்படுத்தியது.

போர் வந்தது

1941 டிசம்பர் 23ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் 8ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. பின்வாங்கிய ஆங்கிலேயர் சிரியம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையையும் யெனஞ்ஜாங் எண்ணெய்க் கிணறுகளையும் தாமே அழித்துவிட்டுச் சென்றனர். அறுபது ஆண்டுகள் வரி வாங்கிய அரசு மூன்றே மாதங்களில் மறைந்தது.

அரசு மறைந்ததும் அதன் நிழலில் வாழ்ந்தோர் நடுத்தெருவில் நின்றனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் பெற்றோர் சிலரே. பெரும்பாலோர் நடந்தனர். அரக்கான் மலைத்தொடரைக் கடந்து சிட்டகாங்குக்கு ஒரு வழி. சிந்துவின் ஆற்றைக் கடந்து, தம்மு வழியாக மணிப்பூருக்கு ஒரு வழி. வடக்கே ஹூக்காங் பள்ளத்தாக்கின் வழியாக அசாமுக்கு ஒரு வழி. காலராவும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரைக் கொன்றன. ஐரோப்பியருக்கு நல்ல வழியும் இந்தியருக்குக் கொடிய வழியும் ஒதுக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

தமிழ் எழுத்துலகின் பெரியார் ஒருவரும் அவ்வாறு நடந்து வந்தவர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திக்கொண்டிருந்த வெ. சாமிநாத சர்மா, மனைவியுடன் மலைவழி நடந்து இந்தியா வந்து சேர்ந்தார். அவர் எழுதிய ‘எனது பர்மா வழிநடைப் பயணம்’ அந்தப் பேரிடப்பெயர்வுக்குத் தமிழில் உள்ள அரிய சான்று. நடந்தவர்களில் எழுதத் தெரிந்தவர் எத்தனை பேர்? எழுதத் தெரியாத கூலிகள் எழுதாமலே மலைச்சாரல்களில் கிடந்தனர்.

பர்மியரின் நிலை என்ன? ஆங் சானும் தோழர்களும் ஜப்பானில் பயிற்சி பெற்று, பர்மிய விடுதலைப் படையை அமைத்து, ஜப்பானியருடன் நாட்டுக்குள் வந்தனர். 1943 ஆகஸ்டில் ஜப்பான் பர்மாவுக்குப் பெயரளவில் விடுதலை வழங்கியது. அந்த விடுதலையின் பொருளை மக்கள் விரைவில் உணர்ந்தனர். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இருப்புப் பாதைக்காகப் பர்மியரும் மலாயாத் தமிழரும் கட்டாய வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பல்லாயிரக்கணக்கில் மாண்டனர். ஜப்பானிய இராணுவ நோட்டுகள் மதிப்பிழந்தன. துணி கிடைக்காமல் மக்கள் சாக்கை உடுத்தினர். அரிசியை வாங்கக் கப்பல் வராததால் நெல் பயிரிடும் பரப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கழிமுகத்தில் நெல் விலைபோகாமல் கிடந்த 1943இல், பர்மா அரிசியின் வரவு அறுந்துபோன வங்காளத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். அப்பஞ்சத்துக்கு ஆட்சியின் தவறுகள் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஒரே கடலின் இரு கரைகளில் ஒன்று தேங்கியும் மற்றொன்று காய்ந்தும் கிடந்ததைப் போரின் தன்மைக்கு ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

1945 மார்ச் 27ஆம் நாள் ஆங் சானின் படை ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பியது. அந்நாள் பிற்காலத்தில் இராணுவ நாளாயிற்று. இதில் ஒரு நுட்பம் உள்ளது. இந்தியாவில் விடுதலை இயக்கத்தின் கருவி ஒரு கட்சி. பர்மாவில் இறுதிக் கட்டத்தில் அது ஒரு படை. ‘நாட்டை ஈன்றவர்கள் நாங்களே’ என்று பின்னாளில் படைத்தலைவர்கள் உரிமை கொண்டாட இதுவே அடியாயிற்று.

விடுதலையும் உள்நாட்டுப் போரும்

1947ஆம் ஆண்டின் தொடக்கம் நம்பிக்கை தருவதாக இருந்தது. ஜனவரியில் ஆங் சான் இலண்டன் சென்று அட்லியுடன் விடுதலை உடன்பாடு செய்தார். பிப்ரவரி 12ஆம் நாள் பங்லோங் என்னுமிடத்தில் ஷான், கச்சின், சின் தலைவர்களோடு ஒப்பந்தம் கண்டார். மலைநாட்டாரையும் சமவெளியாரையும் ஒரே ‘நாமில்’ சேர்க்க நடந்த முயற்சி அது.

ஜூலை 19ஆம் நாள் காலை, அமைச்சரவை கூடியிருந்த அறைக்குள் புகுந்த துப்பாக்கிக்காரர்கள் ஆங் சானையும் உடனிருந்த அமைச்சர்களையும் சுட்டுக் கொன்றனர். அரசியல் பகைவர் ஊ சோ அதற்காகத் தூக்கிலிடப்பட்டார். அன்று கொல்லப்பட்டவர்களுள் ஒருவர் கல்வி அமைச்சர் ஊ ரசாக். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மியப் பௌத்தத் தாய்க்கும் பிறந்தவர். மண்டலேயில் தேசியப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். பர்மாவின் விடுதலைக்கு உயிரீந்த தியாகிகளின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. இந்தியர் யாவரும் அந்நியரே எனப் பிற்காலத்தில் சொன்னவர்கள் ஆண்டுதோறும் அவருக்கும் சேர்த்தே மலர்வளையம் வைத்தனர்.

1948 ஜனவரி 4ஆம் நாள், சோதிடர் குறித்த வேளையில், விடியுமுன் 4.20 மணிக்கு நாடு விடுதலை பெற்றது. மூன்று மாதங்களுக்குள் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் ஏந்தினர். 1949 தொடக்கத்தில் கரேன்கள் ஏந்தினர். ஒரு கட்டத்தில் பிரதமர் ஊ நூவின் அரசை ‘இரங்கூன் அரசு’ என்றே பிறர் ஏளனம் செய்தனர். கவிஞர் கோடாவ் மைங் முதிய வயதில் ஊர் ஊராகச் சென்று சமாதானம் பேசினார். படை வளர்ந்தது, சமாதானம் வளரவில்லை.

1948ஆம் ஆண்டு நில நாட்டுடைமைச் சட்டம், உழாதவர் கையிலிருந்த நிலத்தை எடுத்துக்கொள்ள வழிசெய்தது. நகரத்தார் நிலங்கள் அதனால் போயின. காரைக்குடிப் பக்கம் அது பேரிடியாக நினைவுகூரப்படுகிறது. நியாயமான இழப்பீடு கேட்ட அவர்தம் குறை உண்மையானது. உழுதவனுக்கே நிலம் என்ற பர்மியரின் கோரிக்கையும் உண்மையானது. இரண்டு உண்மைகள் ஒரே வரப்பில் நின்றன.

கொரியப் போரின்போது அரிசி விலை உயர்ந்து அரசுக்குப் பணம் கிடைத்தது. போர் முடிந்தபின் விலை சரிந்தது. கட்சி பிளந்தது. 1958இல் தளபதி நே வின் இடைக்கால ஆட்சிக்கு அழைக்கப்பட்டார். 1960 தேர்தலுக்குப் பின் ஊ நூ திரும்பி வந்தார். மலைநாட்டார் கூட்டாட்சி கேட்டுக்கொண்டிருந்த வேளையில், 1962 மார்ச் 2ஆம் நாள் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். ஜூலை 7ஆம் நாள் இரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் சுடப்பட்டனர். மறுநாள் விடியலில், ஒரு காலத்தில் ஆங் சான் உலவிய மாணவர் சங்கக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

சோஷலிசத்தின் பெயரால்

‘சோஷலிசத்துக்குப் பர்மிய வழி’ என அந்த ஆட்சி தன் கொள்கைக்குப் பெயரிட்டது. 1963இல் வங்கிகள், 1964இல் பெரிய கடை முதல் சிறிய கடை வரை அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கடை போயிற்று, கையிருப்பும் போயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியர் வெளியேறினர். அவர்களுட் பெரும்பாலோர் பெருஞ்செல்வர் அல்லர். சிறு வணிகர், எழுத்தர், தையற்காரர், தொழிலாளர். பலர் பர்மாவிலேயே பிறந்து தமிழ்நாட்டைக் கண்ணாலும் காணாதவர். நகைக்குக் கட்டுப்பாடு, பணத்துக்குக் கட்டுப்பாடு. ‘தாயகம் திரும்பியோர்’ என்று நம் அரசு அவர்களுக்குப் பெயரிட்டது. தாயகத்தை விட்டு வந்தவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றழைத்த அச்சொல்லில் ஒரு கசப்பு இருந்ததை அவர்கள் மட்டுமே அறிவர்.

அந்நியரை வெளியேற்றியபின் பர்மியன் செழித்தானா? அதுவே கேட்கத் தக்க கேள்வி. அரசே ஒரே கொள்முதல்காரனாகி, உழவனுக்குக் குறைந்த விலை கொடுத்தது. உழவன் நெல்லைப் பதுக்கினான். அல்லது தன் தேவைக்கு மட்டும் விளைவித்தான். போருக்கு முன் ஆண்டுக்கு முப்பது இலட்சம் டன்னாக இருந்த ஏற்றுமதி, 1960களின் பிற்பகுதியில் பத்து இலட்சம் டன்னுக்கும் கீழே இறங்கியது. 1967இல் இரங்கூனில் அரிசித் தட்டுப்பாடு. அவ்வாண்டு கலவரம் சீனர்மேல் பாய்ந்தது. இந்தியர் போய்விட்டதால் கோபத்துக்கு வேறு முகம் தேவைப்பட்டது.

1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மனநிலையை எழுத்தில் வடித்தது. ஆங்கிலேயரின் முதல் போருக்கு முன், 1823க்கு முன்னரே, அம்மண்ணில் வேர்கொண்ட இனத்தாருக்கே முழுக் குடியுரிமை என்றது. குடிமக்கள் மூன்று தரங்களாகப் பிரிக்கப்பட்டனர். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்கு இலக்கணம் வகுக்கப்பட்டுவிட்டது. அரக்கானின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் எந்தத் தரத்திலும் அடங்காதவராயினர். 2017இல் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இராணுவத்தின் தாக்குதலுக்கு அஞ்சி வங்கதேசத்துக்கு ஓடியதன் வித்து இதில் உள்ளது.

1987 செப்டம்பர் 5ஆம் நாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே அறிவிப்பில் செல்லாதவையாயின. மாற்று எதுவும் தரப்படவில்லை. பின்னர் 45, 90 கியாட் நோட்டுகள் அச்சாயின. இரண்டும் ஆட்சியாளர் விரும்பிய ஒன்பதால் வகுபடுவன. 1964இல் செல்லாத நோட்டோடு நின்றவர்களில் தமிழ்க் கடைக்காரர் பலர். 1987இல் நின்றவர் பர்மிய உழவரும் மாணவரும். அவ்வாண்டு டிசம்பரில், ஒரு காலத்தில் உலகுக்கு அரிசி ஊட்டிய நாட்டை, மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் ஐக்கிய நாடுகள் சபை சேர்த்தது.

எட்டு மாதங்களில் நாடு கொந்தளித்தது. 1988 ஆகஸ்ட் 8ஆம் நாள் மாணவர், துறவியர், தொழிலாளர் அனைவரும் தெருவில் இறங்கினர். அவர்களுள் பர்மியரும் இருந்தனர்; எஞ்சியிருந்த இந்தியரும் முஸ்லிம்களும் இருந்தனர். அந்தச் சில வாரங்கள் ‘நாம்’ மீண்டும் உயிர்பெற்றது. செப்டம்பர் 18ஆம் நாள் படை அதைச் சுட்டு வீழ்த்தியது. இறந்தோர் பல்லாயிரவர் எனக் கருதப்படுகிறது. 1990 தேர்தலில் ஆங் சான் சூ கியின் கட்சி 485 இடங்களில் 392ஐ வென்றும் ஆட்சி அவர்களிடம் தரப்படவில்லை.

எழுதுகோலின் பங்கு

அத்தேர்தலில் வென்றவர்களுள் ஒருவர் மின் து வுன். 1930களில் ‘கிட்சான்’ என்னும் புதிய இலக்கிய இயக்கத்தைத் தோற்றுவித்த கவிஞர்களுள் ஒருவர். பழைய அலங்காரங்களைக் களைந்து எளிய சொல்லில் பாடியவர். ‘காலத்தைச் சோதித்தல்’ என்பது கிட்சான் என்ற சொல்லின் பொருள். காலமோ அவரைச் சோதித்தது; வென்ற இடத்தில் அமர அவரால் இயலவில்லை. அவருடைய மகன் தின் ஜோ 2016இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். 1962 முதல் ஐம்பது ஆண்டுகள், அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு வரியும் தணிக்கைக்குப் போயிற்று. 2012இல் அம்முறை நீக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழியுமுன், 2021 பிப்ரவரி 1ஆம் நாள் படை மீண்டும் ஆட்சியைப் பறித்தது. அடுத்த மாதம் மோன்யுவா நகரில் ஊர்வலத்தில் சென்ற கவிஞர் கே ஸா வின் சுட்டுக் கொல்லப்பட்டார். மே மாதம் கவிஞர் கெட் தீ கைதாகிக் காவலில் உயிரிழந்தார். அவர்கள் எழுதிய மொழி நமக்குத் தெரியாது. அவர்கள் எதற்காக இறந்தனர் என்பது தெரியும்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றில் எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படுவது ஒன்று. 1930இல் விலை வீழ்ந்தது. 1942இல் போர் வந்தது. 1964இல் கடைகள் பறிபோயின. 1967இல் அரிசி தட்டியது. ஒவ்வொரு முறையும் ‘இந்நாட்டின் செல்வம் எவ்வாறு பங்கிடப்படுகிறது?’ என்ற கேள்வி எழ வேண்டிய நேரத்தில், ‘இந்நாட்டுக்குரியவன் யார்?’ என்ற கேள்வி எழுப்பப்பட்டது. முதற் கேள்விக்கு விடை காண உழைப்பு வேண்டும். இரண்டாவதற்குத் துப்பாக்கி போதும். துப்பாக்கியை அழைத்துவந்த மக்கள் இறுதியில் அதன் முன்னே தாமே நின்றனர்.

நம் பங்கையும் நாம் ஒளிக்கலாகாது. தமிழர் அந்நாட்டில் கடன் கொடுத்தவராகவும் இருந்தோம், கூலி சுமந்தவராகவும் இருந்தோம், துரத்தப்பட்டவராகவும் இருந்தோம். மூன்றில் ஒன்றை மட்டும் சொல்லும் வரலாறு அரைகுறை வரலாறு. 24.68 இலட்சம் ஏக்கரை மறந்துவிட்டு 1964ஐ மட்டும் பாடினால், பர்மியன் கேட்க மாட்டான். 1964ஐ மறந்துவிட்டு வட்டிக்கடையை மட்டும் பழித்தால், பர்மாக் காலனியின் தையற்காரர் கேட்க மாட்டார்.

வட்டத்தின் அடுத்த பத்தாண்டுக்கு ஒரு வேண்டுகோள். 1942இல் நடந்து வந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் மறைந்துவிட்டனர். சாமிநாத சர்மா போன்ற சிலர் எழுதியதே எச்சம். 1964இல் தாயின் கைப்பிடித்துக் கப்பலேறிய குழந்தைகள் இன்று அறுபதைத் தாண்டி எழுபதை எட்டிவிட்டனர். பர்மிய மொழியும் தமிழும் கலந்து பேசும் கடைசித் தலைமுறை அது. நம் கவிஞர்கள் ஒரு குறிப்பேட்டோடு அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமர வேண்டும். எதை விட்டுவந்தீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், பக்கத்து வீட்டுப் பர்மியர் யார், அவர்கள் எப்படி இருந்தார்கள், பிரியும்போது என்ன சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும். அவ்விடைகளில்தான், இரு நாடுகளின் அரசுகளும் எழுதாத அந்த ‘நாம்’ இன்னும் கொஞ்சம் மீந்திருக்கிறது.